என் ஒரே சீஷி

எனக்கு இந்த ஆயுளில் ஒரே ஒரு சீஷிதான், அதாவது வேதப்புத்தகத் தமிழில் சிஷ்யை, வாய்த்தாள். அவள் பெயர் உண்ணாமலை. அப்போது அவளுக்குப் பத்து வயது. எனக்கும் பத்துதான், ஆனால் மூன்று மாதம் மூத்தவள் என்பதால் அவள்மேல் கொஞ்சம் அதிகாரம் உண்டு. திருவண்ணாமலையில் அம்மன் பெயரைத் தாங்கிய பெண்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அப்படியொரு பெயர்க்காரியை ஆறே வாரத்தில் இயேசுவின் சீஷியாக்கிக் காட்டுவதென்று நான் முடிவெடுத்தபோது, அதில் வேடிக்கை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் என் அத்தை. அப்பாவுக்கு மூத்தவள். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசைத் தாண்டிப் புது வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த பக்கம், தகரக் கூரை போட்ட ஒரு கூடத்தில் எங்கள் சபை கூடும். அங்கே பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்துவது அத்தை. அவளுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. புளியோதரை கிளறினாலும் ஊருக்கே கிளறுவாள், சாப்பாட்டுக்கு முன் ஜெபம் பண்ணினாலும் சோறு ஆறிப்போகும்வரை பண்ணுவாள். அந்த வருடம் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு ஒரு பெரிய தெர்மகோல் அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் பழுப்பு நிறத்தில் ஒரு மரம் வரைந்திருந்தது. பிள்ளைக்கு ஒரு கிளை, கிளைக்கு ஒரு பெயர். இலைகள் மட்டும் இல்லை.

இயேசு உயிர்த்தெழுந்து பரலோகத்துக்குப் போவதற்கு முன் ஒப்படைத்துவிட்டுப் போன வேலை ஒன்றே ஒன்றுதான் என்றாள் அத்தை. போய், எல்லா ஜனங்களையும் சீஷராக்குவது. நாமோ அதை விட்டுவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். இனி அப்படி இருக்க முடியாது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் ஒருவரையாவது சீஷராக்க வேண்டும். ஆக்கினால், அந்த ஆளின் பெயரை எழுதிய பச்சைத்தாள் இலை கிளையில் ஏறும். என் பெரியப்பா மகன் உடனே கையைத் தூக்கி, போளூரிலிருந்து லீவுக்கு வரப்போகிற தன் மாமா பிள்ளைகள் மூன்று பேரையும் இப்போதே எழுதிக்கொள்ளச் சொன்னான்.

“அவங்க சர்ச்சுலயே பொறந்து வளந்த பசங்கடா. இன்னொண்ணும் கேட்டுக்கங்க. சும்மா கூட்டியாந்து உக்கார வெச்சு, சாக்லேட் குடுத்து அனுப்பறதுக்குப் பேரு சீஷராக்கறது இல்ல. அவரு சொன்னதுல ஒண்ணையாவது அந்த ஆளு செஞ்சிருக்கணும். செஞ்சாதான் இலை.”

இந்தக் கடைசி நிபந்தனைதான் பின்னால் என் கழுத்தைப் பிடித்தது.

மூன்றே வாரத்தில் மரம் தழைக்க ஆரம்பித்துவிட்டது. பெரியப்பா மகன் எப்படியோ இரண்டு இலை ஏற்றிவிட்டான். அவனுடைய சீஷன் ஒருவன் கடையில் கூடுதலாக வந்த மிட்டாயைத் திருப்பிக் கொடுத்தானாம், இன்னொருவன் அண்ணனை மன்னித்தானாம். என் கிளை மொட்டையாக நின்றது. ஞாயிறு பள்ளி நடத்துகிறவளின் சொந்த மருமகள் கிளை மொட்டை என்றால் வெளியே தலைகாட்ட முடியுமா? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிடும்போது காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன் என்று அம்மாவிடம் தினம் திட்டு வாங்கினேன்.

ஆனால் ஆளுக்கு எங்கே போவது? நாங்கள் குடியிருந்தது அடி அண்ணாமலையில். கிரிவலம் வருகிறவர்கள் மலைக்குப் பின்பக்கம் கடந்து போகிற ஊர் அது. எங்களுக்குத் தெரிந்து அங்கே வேதக்காரக் குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். வீட்டின் முன்பகுதியில் உண்ணாமலையின் குடும்பம், பின்பகுதியில் வாடகைக்கு நாங்கள். அதற்கு முன் டவுனில் இருந்த வீட்டை, வாரம் ஒருநாள் நடந்த ஜெபக்கூட்டத்தின் சத்தம் பிடிக்காமல் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். மூன்று மாதம் வீடு தேடி அலைந்தோம். அப்பா தன் பெயரைச் சொன்னதுமே, இப்போதுதான் வேறொருத்தர் பேசி முடித்துவிட்டுப் போனார் என்பார்கள். உண்ணாமலையின் அப்பா மட்டும்தான் பெயரையும் கேட்டுவிட்டுச் சாவியையும் கையில் கொடுத்தார்.

நல்ல மனிதர்கள். சாமிக்குப் படைத்ததை நாங்கள் சாப்பிட மாட்டோம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஆனாலும் பொங்கலன்று படையல் போடுவதற்கு முன்பே எங்களுக்கென்று ஒரு தூக்கில் தனியாக எடுத்து வைத்துவிடுவார் வீட்டுக்கார ஆன்ட்டி. அம்மாவும் கிறிஸ்துமஸ் கேக்கில் முதல் துண்டை அவர்களுக்குத்தான் வெட்டுவாள். இதெல்லாம் கெட்டுவிடக் கூடாது என்ற பயம் அம்மாவுக்கு ராத்திரி பகல் இருந்தது. எனக்கென்று ஒரு சட்டமே போட்டிருந்தாள்.

“அந்தப் பொண்ணுகிட்ட எது வேணா பேசு. சாமி விஷயத்துல மட்டும் வாயத் தொறக்காத. தொறந்த, அடுத்த மாசம் நாம நடுத்தெருவுலதான்.”

சட்டத்தை நான் ஏற்கெனவே ஒருமுறை மீறியிருந்தேன். பெரிய வெள்ளி நாடகத்தில் எனக்குச் சேவல் வேடம். இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன பிறகு, அவருடைய முக்கியமான சீஷன் பேதுருவிடம் ஒருவர் பின் ஒருவராக வந்து, நீயும் அவரோடு இருந்தவன்தானே என்று கேட்பார்கள். மாட்டிக்கொள்வோமே என்ற பயத்தில் அவன் மூன்று தடவையும், அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது என்பான். உடனே சேவல் கூவும். நீ இப்படிச் செய்வாய் என்று இயேசு முன்பே சொல்லியிருந்தது அவனுக்கு ஞாபகம் வரும். வெளியே போய் அழுவான். அந்தச் சேவல்தான் நான். கிரேப் தாளில் கொண்டை, அட்டையில் மூக்கு, வசனம் ஒன்றும் கிடையாது.

வீட்டுக்குப் பின்னால் நின்று கூவிக் கூவிப் பார்த்துக்கொண்டிருந்த என்னை உண்ணாமலையால் பொறுக்க முடியவில்லை. அவர்கள் வீட்டில் நிஜச் சேவலே இருந்தது. “இன்னாடி, பூனை கத்தறமாதிரி கத்தற? கழுத்த நீட்டு. கடைசில நல்லா இழு” என்று ஒரு வாரம் எனக்குப் பயிற்சி கொடுத்தாள். சேவல் எதற்காகக் கூவுகிறது என்று கேட்டாள், கதையைச் சொன்னேன். அவளுக்குப் பேதுரு மேல் கடுங்கோபம் வந்துவிட்டது. கூடவே இருந்துவிட்டு எப்படித் தெரியாது என்று சொல்ல வாய் வரும் என்று கேட்டாள். பயம்தான் என்றேன். அவள் சமாதானமாகவில்லை. நாடகத்தில் பேதுரு அழுததைவிட நான் கூவியதற்குத்தான் கைதட்டல் ஜாஸ்தி.

ஆக, சீஷியாக்குவதற்கு அவளை விட்டால் எனக்கு வேறு நாதி இல்லை. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய் ரகசியமாக விஷயத்தைச் சொன்னேன். யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் எங்களுக்கு வீடு போய்விடும் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. இலையில் தன் பெயரை எழுதுவார்களா, அதைச் சுவரில் எல்லோரும் பார்க்கிற மாதிரி வைப்பார்களா? அதற்குத்தானே இத்தனை பாடும் என்றேன். அப்படியானால் சரி என்றாள்.

இயேசு சொன்னதில் எதைச் செய்ய வைப்பது என்பதுதான் பாக்கி. முதலில் கன்னத்தை முயன்று பார்த்தோம். நான் ஒரு கன்னத்தில் அறைவேன், நீ மறு கன்னத்தைக் காட்ட வேண்டும் என்று விளக்கிவிட்டு அறைந்தேன். அவள் இரண்டு மடங்கு வேகத்தில் திருப்பி அறைந்தாள். கை தானாக வந்துவிட்டது என்று பிறகு வருத்தப்பட்டாள். இரண்டு சட்டை வைத்திருப்பவள் ஒன்றை இல்லாதவளுக்குக் கொடுக்கலாம், ஆனால் அவள் போட்டிருந்த கவுனே போன வருடம் அம்மா கொடுத்த என் பழைய கவுன். சத்துருவைச் சிநேகிக்கலாம் என்றால், பக்கத்துத் தெரு நாயைத் தவிர அவளுக்குச் சத்துரு என்று யாரும் இல்லை.

கடைசியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. யாராவது உன்னை ஒரு மைல் தூரம் கூட வரச் சொன்னால், நீ இரண்டு மைல் போக வேண்டும் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். நடப்பதுதானே, இதில் என்ன கஷ்டம்? உண்ணாமலைக்கும் இது பிடித்துப்போயிற்று. இனி யாராவது கூப்பிட வேண்டியதுதான்.

சித்ரா பௌர்ணமி வந்தது. அன்று சனிக்கிழமை. விடிந்ததிலிருந்தே எங்கள் வாசலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். உண்ணாமலையின் பெற்றோர் வாசலில் கீற்றுப் பந்தல் போட்டுத் தர்ப்பூசணியும் எலுமிச்சை ஜூசும் வைத்திருந்தார்கள். நடக்கிறவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கிற வேலை எங்கள் இருவருக்கும். மத்தியான வெயிலில் தார் ரோடு கொதித்தது. வெறுங்காலில் வருகிறவர்கள் துள்ளித் துள்ளி நடந்தார்கள். அப்போதுதான் அந்த அம்மாள் பந்தலுக்குள் வந்தார். இடுப்பில் கைக்குழந்தை, தோளில் பெரிய பை. கூட வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்களாம். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு உண்ணாமலையைப் பார்த்தார்.

“பாப்பா, வாயுலிங்கம் வரைக்கும் இந்தப் பையத் தூக்கியாந்து குடுக்கறியா? தோளு வுட்டுப் போச்சு.”

உண்ணாமலை என்னைப் பார்த்தாள். அவள் அம்மா அந்தப் பக்கம் திரும்பித் தர்ப்பூசணி வெட்டிக்கொண்டிருந்தார். நான் அவள் காதோடு, இதுதான் அது, அவங்க கேட்ட தூரத்தப்போல ரெண்டு மடங்கு போ என்றேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பை அவள் முழங்கால்வரை தொங்கியது. கொஞ்ச நேரம் அவளுடைய பச்சைப் பாவாடை கூட்டத்துக்குள் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. நான் என் கிளையில் ஏறப்போகிற இலையை நினைத்துக்கொண்டு டம்ளர்களைக் கழுவினேன்.

வாயுலிங்கம் எங்கள் ஊருக்குப் பக்கம்தான், இரண்டு மடங்கு போனாலும் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். வரவில்லை. நான் பந்தலில் நின்றேன், உட்கார்ந்தேன், தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தாகமே இல்லாமல் ஐந்தாறு டம்ளர் தண்ணீர் குடித்தேன். பச்சையாக எது வந்தாலும் எட்டிப் பார்த்தேன், கிட்டே வந்ததும் வேறு யாராவது. இரண்டரை மணிக்கு ஆன்ட்டி கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“எங்கடி அவ? உன்கூடத்தான இருந்தா?”

எனக்கு அம்மாவின் சட்டம் ஞாபகம் வந்தது. யார் போகச் சொன்னது என்பார்கள், எதற்கு என்பார்கள், அந்த எதற்கு வந்து நிற்கிற இடம் இயேசுதான். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் வந்துவிடப் போகிறாள், பிறகு ஏன் நானாக வாயைக் கொடுக்க வேண்டும்?

“தெரியாது ஆன்ட்டி” என்றேன்.

அதன்பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. ஊர்க்கோயிலில் தேடினார்கள், பள்ளிக்கூடத்தில் தேடினார்கள், சொந்தக்காரர் வீடுகளுக்கு ஆள் போனது. பாதையோரப் பந்தலில் இருந்த போலீஸ்காரரிடம் சொல்லி மைக்கில் அறிவித்தார்கள். உண்ணாமலை, வயது பத்து, பச்சைப் பாவாடை. ஒவ்வொரு தடவை அந்தப் பெயர் ஒலித்தபோதும் நடந்துபோகிற பெண்களில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் கூட்டத்தில் வந்திருப்பதாக யாரோ சொன்னார்கள். ஆன்ட்டி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். இன்னொருவர், எதற்கும் கொல்லைக் கிணற்றைப் பார்த்துவிடலாமே என்றார்.

அவள் அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் கிணற்றில் குதித்தார். என் அப்பா மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். குதித்தவர் மூழ்கி எழுந்தார், மறுபடி மூழ்கினார். மேலே வரும்போதெல்லாம் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டுவார். ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்த இடத்தில் நின்ற அத்தனை பேரிலும் எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் மூன்றாவது முறை உள்ளே போனபோது அப்பா கயிற்றை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வந்து என் முன்னால் குனிந்தார்.

“அவ எங்க போனான்னு உனக்கு ஏதாவது தெரியுமாம்மா? சொல்லு, அப்பா அடிக்க மாட்டேன்.”

அப்பா என்னை அடித்ததே இல்லை. சொல்லிவிடத்தான் நினைத்தேன். ஆனால் அவர் தோளுக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள். வீடு தேடி அலைந்த மூன்று மாதமும் அவள் முகம் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அது மட்டும் இல்லை. ஒருமுறை தெரியாது என்று சொல்லியாயிற்று. அதிலிருந்து தெரியும் என்பதற்குத் திரும்பி வர எனக்கு வழி தெரியவில்லை.

“தெரியாதுப்பா. நான் உள்ள படிச்சிட்டு இருந்தேன்.”

கோடை விடுமுறையில் என்ன படிப்பு என்று அப்பா கேட்கவில்லை. என் தலையைத் தடவிவிட்டுக் கிணற்றுக்குத் திரும்பினார். நான் வீட்டுக்குள் ஓடிப்போய் அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால் முழங்கால் போட்டேன். ஆண்டவரே, அவளைக் கொண்டுவந்து விட்டுவிடும், எனக்கு இலையே வேண்டாம் என்று கெஞ்சினேன். எழுந்து வெளியே போய்ச் சொல்லிவிட்டால் போதுமே என்பது மட்டும் அந்த ஜெபத்தில் வரவில்லை.

பொழுது சாய்ந்த நேரத்தில் அவள் வந்தாள். எல்லோரும் கிணற்றையும் நான் மட்டும் அவள் போன திசையையும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் எதிர்ப்பக்கத்திலிருந்து, நடக்கிற கூட்டத்தோடு கூட்டமாக வந்து சேர்ந்தாள். நெற்றி நிறைய விபூதி. கையில் ஒரு தேங்காய் மூடி, இரண்டு வாழைப்பழம். பாதத்தைக் கீழே வைக்க முடியாமல் விளிம்பால் நடந்தாள்.

ஆன்ட்டி ஓடிப்போய் ஓங்கி ஓர் அறை விட்டார். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார், பிறகு மறுபடியும் அறைந்தார்.

“எங்கடி போன? யாருடி உன்னப் போகச் சொன்னது?”

உண்ணாமலை என்னைப் பார்த்தாள். நான் என் கால்களைப் பார்த்தேன்.

“யாரும் சொல்லல. ஒரு அம்மா பையத் தூக்கியாரச் சொன்னாங்க. நானாத்தான் போனேன்” என்றாள். அதற்கும் ஓர் அறை விழுந்தது. அவள் அப்பா ஈரச் சட்டையோடு வந்து அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

ஆன்ட்டி சுடுதண்ணீர் வைக்க எழுந்து போன சமயம் பார்த்து நான் அவளிடம் போனேன். உள்ளங்கால் இரண்டிலும் கொப்புளம். அவள் குரலைத் தாழ்த்தி, அழாமல், கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். “மைல்னா எவ்ளோ தூரம்னு நீ சொல்லவே இல்லயே. எதுக்கும் இருக்கட்டும்னு அவங்ககூடக் கோபுரம் வரைக்கும் போய்ட்டேன். எதிர்ல வரக்கூடாது இல்ல, அதான் சுத்தியே வந்துட்டேன்.”

கிரிவலப் பாதையில் யாரும் எதிர்த் திசையில் நடக்க மாட்டார்கள். எங்கள் ஊர்க் குழந்தைக்கு அது சோறு தின்னக் கற்றுக்கொண்டபோதே தெரியும், ஒரு மணி நேரம் என்று கணக்குப் போட்ட எனக்குத்தான் மறந்திருந்தது. ஆகவே பாதித் தூரம் அந்த அம்மாளுக்காகவும் மீதித் தூரம் வழக்கத்துக்காகவும் அவள் மலையையே சுற்றிவிட்டு வந்திருந்தாள். வழியில் அந்த அம்மாள் நின்று கும்பிட்ட லிங்கங்களில் எல்லாம் அவளும் நின்று கும்பிட்டாளாம். “இலை போடுவாங்க இல்ல?” என்று கேட்டாள். நாளைக்கே போடுவார்கள் என்றேன்.

மறுநாள் ஞாயிறு. செய்தி அப்பாவின் போன் வழியாக அத்தைக்கு முன்பே போய்விட்டிருந்தது. வகுப்பு ஆரம்பிப்பதற்கு முன்பே அத்தை என்னை மரத்துக்குப் பக்கத்தில் கூப்பிட்டாள். அவள் கையில் பச்சைத்தாள் இலை வெட்டித் தயாராக இருந்தது. பேனாவும் மூடி கழற்றித் தயாராக இருந்தது.

“அந்தப் பொண்ணு யாரோ பையத் தூக்கச் சொன்னாங்கன்னு மலையையே சுத்திட்டு வந்துச்சாமே. நீ அதுகிட்ட ஏதாவது சொல்லியிருந்தியா? உன் பிரெண்டுதான அது?”

அவள் குரலில் கோபம் இல்லை. ஆசைதான் இருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்று வாரமாக நான் தூங்காமல் ஏங்கிய இலை என் கிளைக்கு வந்துவிடும். ஆனால் அத்தைக்கு மெதுவாகப் பேச வராது, அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வீட்டுக்காரங்க பொண்ணு அத்தை. எனக்கு அவள அவ்ளோவா தெரியாது” என்றேன்.

அத்தை பேனாவை மூடினாள். எழுதாத இலையை வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு வகுப்பை ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் திறக்கும்வரை அந்த மரம் சுவரில் இருந்தது, உண்ணாமலையின் பெயர் அதில் ஏறவே இல்லை. அன்று எனக்கு வருத்தம்கூட இல்லை. வீடு தப்பியது என்று நிம்மதியாகத்தான் இருந்தது. அம்மா வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பின்பக்கம் ஓடினேன். உண்ணாமலை கொல்லைப் படியில் கால் இரண்டிலும் மஞ்சள் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, கோழிகளுக்கு நொய் இறைத்துக்கொண்டிருந்தாள். எனக்காகத்தான் காத்திருந்தாள்.

“ஒட்டியாச்சா?”

“பச்சைத்தாள் தீந்துபோச்சாம். அடுத்த வாரம்.”

“பரவால்ல” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “எம் பேரு பெருசு. பெரிய இலையா வெட்டச் சொல்லு” என்றாள்.

சொல்கிறேன் என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆன்ட்டி கேட்டு, அப்பா கேட்டு, அத்தை கேட்டு, மூன்று பேரிடமும் நான் தெரியாது என்று சொல்லி முடித்திருந்த மத்தியானம் அது. பேதுருவின் கதை எனக்குத் தலைகீழாகப் பாடம். எத்தனை தடவை கேட்பார்கள், எப்போது கூவ வேண்டும் என்று அந்தச் சபையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. இருந்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அத்தை சொன்ன நிபந்தனைப்படி அந்தப் படியில் உட்கார்ந்திருந்த இருவரில் சீஷி யார் என்பதும் உறைக்கவில்லை.

மதில்மேல் ஏறி நின்ற அவர்கள் வீட்டுச் சேவல், வேளை கெட்ட வேளையில் ஓங்கி ஒரு கூவல் கூவியது. உண்ணாமலை என் தொடையில் தட்டினாள்.

“கேட்டியா? கடைசில எப்டி இழுக்குது பாரு. நீ நாடகத்துல அவசரமா முடிச்சிட்ட. எங்க, இப்ப கூவு.”

பேதுருவுக்கு அந்தச் சத்தத்தில் அழுகை வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. எழுந்து நின்று, அவள் சொல்லிக்கொடுத்தபடியே கழுத்தை நீட்டி, கடைசியில் நன்றாக இழுத்துக் கூவினேன். இப்போதுதான் சரியாக வந்தது என்று அவள் கைதட்டினாள். நான் மறுபடியும் கூவினேன்.